சூரை வந்த நாளில் பிந்திய கடிகாரம்

செனாய்தா மேரோ தன் மகளின் ஞானத்தந்தை வில்மருக்குத் தரவேண்டிய பாக்கி முப்பத்தெட்டு டாலர் நாற்பது சென்ட். கூரைத் தகடு வாங்கிய கடன். பணம் கையில் இருந்தது. கொடுக்கத்தான் மனமில்லை.

காரணம், ஆலை வாசலில் இருந்த வருகைக் கணினி. ஈக்வடாரின் கடலோர ஊரான ஹராமிஹோவில், செனாய்தா வேலை செய்த அந்தச் சூரை மீன் ஆலையில் கத்தி பிடிக்கிற பெண்கள் எல்லோருக்கும் மணிக்கூலி. உள்ளே போகும்போது விரலை வைத்தால் நேரம் போட்டு ஒரு சீட்டு வரும், வெளியே வரும்போது இன்னொன்று. கைபேசியை உள்ளே கொண்டுபோகக் கூடாது. மாலையில் அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தால் கைபேசி ஒரு நேரம் சொல்லும், சீட்டு அதற்கு இருபது நிமிடம் பின்னால் நிற்கும். படகுகள் நிறைந்து வந்து இடுப்பு ஒடிகிற நாளில் இன்னும் பின்னால். மீன் வராத நாளில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும்.

மேற்பார்வை வில்மரிடம். கணினிப் பெட்டியின் சாவியும் அவனிடம்தான். ராத்திரி அணைப்பதும் விடியலில் போடுவதும் அவனே.

“என்ன கொம்பாத்ரே, மீன் வந்தா மட்டும் உங்க கடிகாரம் நொண்டுது?” என்று ஒருநாள் கேட்டாள். ஞானத்தந்தையும் பிள்ளையின் தாயும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே, கொமாத்ரே என்று உறவுமுறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள்.

“காலையில வந்து பாருங்க கொமாத்ரே. ரேடியோவோட ஒத்துப் பார்த்துட்டுதான் கதவையே திறக்கறேன்.”

போய்ப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது. காலையில் யோக்கியமாக இருக்கிற கடிகாரம் மாலையில் திருடுகிறதென்றால், நடுவில் யாரோ கை வைக்கிறார்கள். அவன் வாசல் பக்கம் நடந்தாலே கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அவன் வீட்டில் மீன் சூப் குடிக்க உட்கார்ந்தபோது, அவன் மனைவி காலில் புதுச் செருப்பு. யாருடைய நிமிடத்தில் வாங்கியதோ என்று தோன்றிவிட்டது. பாதி சூப்பைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

அடுத்த வாரம் சாப்பாட்டுக் கூடத்தில் வில்மர் தகட்டுக் கடனைப் பற்றித் தணிந்த குரலில் கேட்டான். அவள் குரலைத் தணிக்கவில்லை.

“அது அடைஞ்சு போச்சே கொம்பாத்ரே. தினம் என்கிட்ட எடுத்த நிமிஷத்துல கழிச்சுக்குங்க.”

“வட்டி போக மிச்சமிருந்தா அவளுக்குத் திருப்பிக் குடுங்க” என்றாள் பக்கத்தில் இருந்த துல்சே. பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

வில்மர் கரண்டியைக் கீழே வைத்தான். “என் ஞானமகள் மேல சத்தியமா…”

“பிள்ளையை இதுல இழுக்காதீங்க.”

பேச்சு மேலாளர் காதுக்குப் போனது. சாவியைப் பிடுங்கிக்கொண்டு வில்மரைக் குளிர்கிடங்கில் மூட்டை தூக்க அனுப்பினார். அவன் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனான்.

பிறகு ஒரு வியாழக்கிழமை இரண்டு படகுகள் சேர்ந்து வந்தன. சாவி மேலாளரின் சட்டைப்பையில். அப்படியும் சீட்டு பின்னால்தான் நின்றது, என்றைக்கும் இல்லாத அளவுக்கு. வில்மர் கள்ளச்சாவி போட்டிருப்பான் என்றுதான் செனாய்தாவுக்கு முதலில் தோன்றியது. ஆனால் பகல் முழுக்க அவனைக் கிடங்கு வாசலில் அவளே பார்த்திருந்தாள், புருவத்தில் பனி ஒட்டியபடி. சீட்டைக் கசக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

குவயாகில் நகரத்திலிருந்து யதீரா என்ற கணினிக்காரப் பெண் வந்தாள். புகார் சொன்னவளும் கூட நிற்கட்டும் என்றார் மேலாளர்.

“உள்ள ஒரு சின்ன சிப்பு விடாம துடிச்சுக்கிட்டே இருக்கு அக்கா” என்றாள் யதீரா. “கர்னல்னு ஒரு புரோகிராம், இந்தப் பொட்டிக்கு மேஸ்திரி மாதிரி, அந்தத் துடிப்பை எண்ணித்தான் நேரம் சொல்லுது. காலையில போட்டதும் பேட்டரிக் கடிகாரத்தை ஒருதடவை பார்த்துக்கும். அப்புறம் எண்ணிக்கைதான்.”

“எண்ணட்டும். யாரு வேணாம்னது?”

“எடை போடற ஒவ்வொரு கூடையையும் இதே பொட்டிதான் படம் பிடிச்சு வைக்குது. படத்தை எழுதறப்ப கர்னல் காதை அடைச்சுக்குது. அப்ப வந்த துடிப்பு கணக்குல சேராது. கூடை ஏற ஏற நேரம் பின்னால போகும்.”

“அப்ப நாங்க கூட உழைச்சா எங்க நாளு சுருங்கும்.”

“ஆமா.”

செனாய்தா நம்பவில்லை. “அவ்வளவு பெரிய மேஸ்திரிக்குக் கேட்டுச் சரிபார்க்க வேற ஆளில்லையா?”

“இருக்கு. ப்ராசசருக்குள்ள இன்னொரு எண்ணி, கரண்டு மீட்டர் மாதிரி, தானா ஓடுது. யாரும் எண்ண வேண்டாம், எட்டிப் பார்த்தா போதும். கர்னல் ரெண்டையும் ஒத்துப் பார்த்திருக்கு. ஒத்துவரலை. தானா ஓடறதுதான் பொய் சொல்லுதுன்னு சந்தேகப்பட்டு ஒதுக்கி வச்சிருச்சு. உண்மையில சரியா இருந்தது அதுதான்.”

செனாய்தா கைபேசியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். கூடைகளைப் பெட்டி படம் பிடிப்பதை யதீரா நிறுத்தினாள். கடிகாரம் கைபேசியோடு சேர்ந்து நடந்தது. காலிக் கூடைகளைத் தராசில் ஏற்றிப் படம் பிடிக்கவிட்டாள். பின்தங்கியது. ஒதுக்கிய எண்ணியையே பார்க்கச் சொல்லி மாற்றி எழுதிவிட்டு மறுபடி கூடைகளை ஏற்றினாள். இம்முறை பிசகவில்லை. நேரத்தில் யாரும் கை வைக்கவில்லை என்பதைச் செனாய்தா கண்கொட்டாமல் பார்த்திருந்தாள்.

விட்டுப்போன நிமிடங்களை அந்தச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுத்தார்கள். மேலாளர் சாவியை வில்மரிடம் நீட்டியபோது அவன் வாங்கவில்லை. கிடங்கே போதும் என்று சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அவன் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே வெங்காய வாசனை, தட்டு வைக்கிற சத்தம்.

“கொம்பாத்ரே, தகட்டுப் பணம். நான் அன்னிக்குப் பேசினது…”

வில்மர் நோட்டுகளை எண்ணினான். சில்லறையையும் உள்ளங்கையில் தள்ளித் தள்ளி எண்ணினான்.

“சரியா இருக்கு சென்யோரா.”

பிள்ளைக்கு ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றிய நாளிலிருந்து அவன் அவளைக் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டான், அந்நியப் பெண்ணைப் போலச் சென்யோரா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. உள்ளே வாங்க என்பானோ என்று கொஞ்ச நேரம் நின்றாள்.

“கணக்கு முடிஞ்சுது” என்று சொல்லி அவன் கதவைச் சாத்தினான்.