வியாபாரி கோமதியம்மாள்

ஞானதுரை எழுந்து பல் விளக்கினான். ஸ்டவ்வைப் பற்றவைத்துக் கட்டங்காப்பி போட்டுக் குடித்தான். முகம் வழித்தான். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வீட்டைப் பூட்டினான். அவன் வீட்டுக்கும் அப்பா விட்டுப்போன பீடி செட்டுக்கும் நடுவில் ஒரு தெருதான். நடந்து போனான். தை மாதம் மனைவி ஜெபமலரும் அவள் வயிற்றுப் பிள்ளையும் ஒரே நாளில் இறந்துபோன பிறகு, எல்லாக் காலையும் இதே காலைதான்.

அப்பா காலத்தில் தென்காசியில் பீடி செட்டு நடத்த இலையும் புகையிலைத் தூளும் தெரிந்தால் போதும். இப்போது சட்டம் தெரிய வேண்டும். முதலில் மெட்ராஸ் சட்டம் வந்தது. காற்று வேண்டும், வெளிச்சம் வேண்டும், கக்கூஸ் வேண்டும். ஜன்னல் வெட்டிக் கொத்தனார் எழுந்து போவதற்குள் டில்லிச் சட்டம் வந்துவிட்டது. லீவுக்குச் சம்பளம், பேறுகாலத்துக்குச் சம்பளம். எது நடப்புக்கு வந்தது, எது இன்னும் காகிதத்திலேயே இருக்கிறது என்பதை பி.ஏ. படித்த ஞானதுரை வாசித்துச் சொல்வான். அதிலிருந்து எப்படித் தப்புவது என்பதைக் கணக்கப்பிள்ளை உச்சிமாகாளி பார்த்துக்கொள்வார்.

டில்லிச் சட்டம் வந்ததிலிருந்து உச்சிமாகாளி காலையில் செட்டு வாசலில் நிற்கத் தொடங்கியிருந்தார். உள்ளே போகிற பெண்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. வயிற்றைப் பார்ப்பார். சந்தையில் மாடு பிடிக்கிறவன்கூட இன்னும் கொஞ்சம் கூச்சத்தோடு பார்ப்பான்.

“தம்பி, கோமதியப் பாத்தியளா? சேலைய எறக்கிக் கட்டிட்டு வாரா கழுத. நாலு மாசமாவது இருக்கும்.”

“ஆறு முடிஞ்சிருக்கும்” என்றான் ஞானதுரை. கோமதியம்மாள் இடுப்பில் ஒரு கையை ஊன்றிப் படியேறிய விதம் அவனுக்குத் தெரிந்த விதம்.

உச்சிமாகாளி தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் நாக்கு குனியவில்லை. “இவ ஒருத்திக்குக் குடுத்தோம்னு வைங்க, நாளைக்கே நாப்பது பேரும் வயித்தத் தள்ளிட்டு வந்து நிப்பாளுவ. வக்கீல் பரமசிவன் ஐந்தருவிக்கு வந்திருக்காராம். ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துருவோம்.”

திருநெல்வேலி வக்கீல் பரமசிவன் சாரல் காலத்தில் குற்றாலத்தில் வீடு எடுத்துத் தங்குவார். அவர் குளிக்க வருகிற நேரம் பார்த்து முதலாளிகளும் அருவிக்கு வருவார்கள். அன்றும் பாறையில் துண்டைக் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார். ஓர் ஆள் முதுகில் எண்ணெயைத் தட்டிக்கொண்டிருந்தான்.

“வாரும்வே பி.ஏ.! சட்டத்த மடியில கட்டிட்டு வந்தீரா?”

ஞானதுரை விஷயத்தைச் சொன்னான். “படிச்சுப் பாத்துட்டேன் சார். அவளுக்குக் குடுக்கணும்.”

“குடுக்கணும்னு எனக்குத் தெரியாதாவே? குடுக்காம இருக்கத்தான என்னத் தேடி வந்திருக்கீரு?” எண்ணெய்க்காரன் சிரித்தான். வக்கீல் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “நாளையிலருந்து இலையையும் தூளையும் அவளுக்கு வெலைக்கு வித்ததா எழுதும். வீட்டுல வச்சுச் சுத்தட்டும். பீடிய அவகிட்ட வெலைக்கு வாங்கும். அப்பம் அவ ஒம்ம தொழிலாளி இல்ல, வியாபாரி. ஒரு வியாபாரி பிள்ள பெத்தா ஒமக்கென்னவே?”

“இதுல்லா மூள!” என்றார் உச்சிமாகாளி.

வக்கீலின் முதுகிலிருந்து வழிந்த எண்ணெய் பாறையில் இறங்கித் தண்ணீரில் கலந்தது. கொஞ்சம் கீழே ஒரு பெண் அதே தண்ணீரைக் கையில் ஏந்திக் குழந்தையின் வாயைக் கொப்பளிக்க வைத்தாள். ஞானதுரை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“நீரும் தலைய நனச்சிட்டுப் போவும்வே. ஒம்ம துக்கமும் அதோட போயிரும்” என்றார் வக்கீல்.

வேண்டாம் என்று ஒரு சொல் போதும். குளிப்பதற்கும் அதுதான் பதில், கோமதியம்மாள் காரியத்துக்கும் அதுதான் பதில். அதற்கு வாயைத் திறக்க வேண்டியிருந்தது. ஞானதுரை திறக்கவில்லை. திரும்பி வண்டியைப் பார்த்து நடந்தான். உச்சிமாகாளி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

செட்டில் காகிதத்தை அவன் முன்னால் வைத்தார். “நான் எழுதுனா இன்ஸ்பெக்டர் சிரிப்பான். ஒங்க கையால எழுதுங்க தம்பி.”

எழுதினான். ‘கோமதியம்மாளாகிய நான் என் மனப்பூர்வமான விருப்பத்தின் பேரில் இன்று முதல் வேலையிலிருந்து நின்று, சுயமாகப் பீடி வியாபாரம் செய்ய முடிவெடுத்திருக்கிறேன்.’ ஒரு பிழை இல்லை. பத்திரிகைக்கு அனுப்பலாம் போல இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க வாய் கசந்தது.

கோமதியம்மாளைக் கூப்பிட்டார்கள். உச்சிமாகாளி வாசித்துக் காட்டினார்.

“நானா வியாபாரி?” என்றாள் அவள். “எங்க மாமியா கேட்டா சிரிச்சே செத்துருவா. பேறுகாலத்துக்குச் சம்பளம் உண்டுன்னு பேசிக்கிட்டாவள, அது?”

“அது தொழிலாளிக்குல்லா. நீ இப்பம் வேற” என்றார் உச்சிமாகாளி. “இதுல ஒப்பலேன்னா வீட்டுக்குக் குடுக்கப்போற இலையும் கெடையாது. கைய நீட்டு.”

அவள் ஞானதுரையைப் பார்த்தாள். அவன் மைக்கூட்டைப் பார்த்தான். அவள் கையை நீட்டினாள்.

மறு வாரம் லேபர் இன்ஸ்பெக்டர் வந்தார். காகிதத்தை இரண்டு தடவை வாசித்தார். “இது அவளே சொன்னதா?”

“அவ வாயால சொன்னதுதான் சார்” என்றார் உச்சிமாகாளி. “சந்தோசமா கையெடுத்துக் கும்பிட்டுட்டுல்லா போனா.”

இன்ஸ்பெக்டர் ஞானதுரையின் பக்கம் திரும்பினார். அவன் தலையசைத்தான். பிறகு பின்வாசலுக்குப் போய்க் காறித் துப்பினான். கசப்பு போகவில்லை.

கைநாட்டு வைத்த அன்று கோமதியம்மாள் கும்பிடவில்லை. பெருவிரல் மையைச் சுவரில் தேய்த்தாள். வாசல்வரை போனவள் நின்று, கோபம் இல்லாமல், கடையில் நின்று விலை கேட்கிறவள் போலத்தான் கடைசியாகச் சொன்னாள்:

“அப்பம் நீங்களும் வியாபாரி, நானும் வியாபாரி. ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீய மொதலாளி. வீட்டம்மா தச்சு வச்ச பிள்ளச் சட்டையெல்லாம் பெட்டிக்குள்ள சும்மாதான கெடக்கும்? வெலைக்குத் தாரீயளா?”