தலைக்கணக்கு

ஒரு புதுத் தலையின் விலை அரை பிளேடு. கூடவே ஒரு கிண்ணம் சுத்தமான தண்ணீரும் பத்து நாள் பொறுமையும் வேண்டும். பொறுமை எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை என்பதால் அதற்கு விலை போடவில்லை.

இந்த மலிவு விலை தட்டைப்புழுவுக்கு மட்டும்தான். ஓடைக் கல்லுக்கடியில் ஒட்டிக்கிடக்கும், நகத்தளவு நீளம், மாறுகண் பார்வை. குறுக்கே வெட்டினால் தலைத்துண்டு வால் வளர்த்துக்கொள்ளும். வால்துண்டு தலை வளர்த்துக்கொள்ளும். இரண்டையும் பறிகொடுத்த நடுத்துண்டுகூட, முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று யாரையும் கேட்காமல், தலையைத் தலையின் இடத்திலும் வாலை வாலின் இடத்திலும் வைத்துக்கொள்ளும். மனிதர்களில் பாதிப் பேருக்கு இந்தத் தெளிவு கிடையாது.

அதற்கு எப்படித் தெரிகிறது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு பதினைந்து வருடம் ஓட்டிவிட்டாள் அவள். வீட்டில் அவளுக்குப் பெயர் புழுக்காரி. மொத்த ஜவுளி வியாபாரக் குடும்பத்தில் பிறந்துவிட்டு, துணியை வெட்டாமல் புழுவை வெட்டுகிறவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்?

பல்கலைக்கழகத்தில் வருடா வருடம் கையேந்திப் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக வேலை. அதில் இருந்தபோதுதான் ஒரு பெரிய வியாபாரம் படிந்தது. நடுத்துண்டுகளை ஒரு மருந்தில் ஊறவைத்தாள். வாலிருக்க வேண்டிய முனையிலும் தலை முளைத்தது. அது மருந்தின் உபயம், அதில் அதிசயமில்லை. பிறகு மருந்தே இல்லாத தண்ணீரில் விட்டு, அந்த இரண்டு தலைகளையும் வெட்டினாள். மறுபடியும் இரண்டு தலை. இன்னொரு முறை வெட்டினாள். அப்போதும் இரண்டு தலை. மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் மாறிய உருவத்தை உடல் நினைவில் வைத்திருந்தது. ஆய்வுப் பத்திரிகையில் கட்டுரை வெளியாயிற்று. நிரந்தர வேலை தரலாம் என்று துறையில் பேச்சு எழுந்தது.

அந்தச் சமயம் பார்த்து இன்னோர் ஊரிலிருந்து பெரியவர் பத்திரிகைக்கு எழுதினார். புழு ஆராய்ச்சி உலகத்தில் பெரியவர் என்றால் அவர் ஒருவர்தான். 'நாங்கள் செய்து பார்த்தோம். கிட்டத்தட்டப் பாதிப் புழுக்கள் ஒற்றைத் தலைக்குத் திரும்பிவிடுகின்றன.' வேலை தருவதை முடிவு செய்யும் குழு மாதக் கடைசியில் கூடவிருந்தது.

"திரும்பி வந்த சரக்கை வாங்கிப் போட்டுட்டு வேற குடுத்துடணும். வாசல்ல நின்னு சண்டை போட்டா இருக்கற வாடிக்கையும் போயிடும்" என்றார் அண்ணன், சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமல்.

"சாயம் போச்சுன்னு ஒருத்தர் வந்தா என்னண்ணே பண்ணுவீங்க?"

"எப்படித் துவைச்சீங்கன்னு கேப்பேன்."

"அதைக் கேக்கத்தான் நான் போறேன்."

அண்ணன் இப்போது நிமிர்ந்தார். "சரி, போய்க் கேளு. வேலை போச்சுன்னா நேரா கடைக்கு வந்துடு. வரும்போது அந்த ரெண்டு தலைக்காரன்ல ஒருத்தனைக் கூட்டிட்டு வா. ஒரு தலை வாடிக்கையைப் பாக்கட்டும், இன்னொண்ணு கல்லாவைப் பாக்கட்டும்."

இரட்டைத்தலைப் புழுக்களைப் பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு ரயிலேறினாள். பக்கத்து இருக்கைக்காரர் டீயா என்று ஆசையோடு கேட்டபோது, "ஆறிப்போச்சுங்க" என்று மூடியை இன்னும் இறுக்கினாள்.

பெரியவரின் ஆய்வகம் வசதியானது. வேளாவேளைக்கு அரைத்த ஈரல், இதமான சூடு. புழுக்கள் கல்யாண வீட்டு மாமாக்கள் மாதிரி மினுமினுத்தன. அவள் ஆய்வகத்தில் ஈரலுக்கும் சிக்கனம்தான். அவர் கண்ணெதிரேயே, தான் கொண்டுபோன பத்துப் புழுக்களின் தலைகளை வெட்டினாள். பத்து நாளில் பத்துக்கும் இரண்டு முனையிலும் தலை வந்தது.

"இதுவரைக்கும் எங்களுக்கும் இப்படித்தாம்மா வரும். இதுக்கப்புறம்தான் உங்க புழு மனசு மாறிடுது" என்றார் பெரியவர். குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே வருத்தப்பட்டார். அதுதான் அவளுக்கு அதிகம் சுட்டது.

"அப்ப உங்க வழக்கப்படியே வளத்துப் பாருங்க சார். நான் கை வைக்கல" என்றாள்.

வாரக் கடைசியில் கூப்பிட்டார். "வந்து பாருங்க. ஆறு புழுவுக்கு ஒத்தைத் தலை. பதின்மூணுல ஆறு. பாதின்னு நாங்க எழுதினது தப்பில்லையே?"

மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். ஆறு என்னவோ உண்மைதான். ஒரு முனையில் கண்கள். மறுமுனையில் மொழுக்கென்று ஒன்றுமில்லை. பதினைந்து வருடமும் அந்த மழுங்கிய முனையில் போய் முட்டிக்கொண்டு நின்றது. தலையைத் தூக்கினாள். பிறகு சட்டென்று மறுபடி குனிந்தாள்.

"சார், நாம எத்தனை போட்டோம்?"

"பத்து."

"இப்ப எத்தனை இருக்கு?"

"அதான் சொன்னேனே, பதின்மூணு. பெருகியிருக்கும்."

பெருகியிருக்கும். புழு வளர்க்கிறவர்கள் யாராக இருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்வார்கள். நன்றாகத் தின்ற தட்டைப்புழு வாலைக் கெட்டியாக ஒட்டிக்கொண்டு, தலையை முன்னால் இழுத்து, தானே இரண்டாகக் கிழிந்துகொள்ளும். அதன் குடும்ப விருத்தியே அப்படித்தான். அதனால் கிண்ணத்தில் எண்ணிக்கை ஏறினால் யாருக்கும் புருவம் உயராது. நூற்றுக்கு எத்தனை என்று சதவீதம் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அவளும் இத்தனை காலம் அப்படிப் போனவள்தான். ஜவுளிக் கடையில் மட்டும் பத்துப் பீஸ் போட்ட அலமாரியில் பதின்மூன்று இருந்தால், எதைக் கிழித்தீர்கள் என்று கேட்காமல் விடமாட்டார்கள்.

உடல்களை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணினாள். இரட்டைத் தலையில் ஏழு, அது பதினான்கு. ஒற்றைத் தலையில் ஆறு. ஆக, இருபது.

"பத்துப் புழுவுக்கு இருபது தலை போட்டோம் சார். இருபதும் அப்படியே இருக்கு, ஒண்ணுகூடக் குறையல. மூணு புழு நடுவுல கிழிஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும் இழுக்கத்தான் தலை இருக்கே! பாகப்பிரிவினையில ஆளுக்கொரு தலையோட போயிடுச்சு. நீங்க வாலுன்னு எழுதினது வால் இல்ல, காயம்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாங்க எண்ணி முடிச்சதும் எல்லாத்தையும் ஆல்கஹால்ல போட்டுடுவோம். அதுக்கு மேல வச்சுப் பாத்ததில்ல" என்றார் மெதுவாக. "ஆனா அந்தக் காயத்துல வால் வராதுன்னு என்ன நிச்சயம்?"

"ஒரு நிச்சயமும் இல்ல. தீனியை நிறுத்திட்டு வச்சுப் பாக்கணும். வால் வந்தா என் கட்டுரையை நானே திரும்ப வாங்கிக்கறேன், வேலையும் போகட்டும். தலை வந்தா நீங்க பத்திரிகைக்கு எழுதணும்."

"எழுதறேன்."

பேரம் முடிந்தது. அவள் விடுதியறைக்குத் திரும்பியதும் துறைத்தலைவர் அழைத்தார்.

"இங்க எல்லாரும் உங்க பக்கம்தாம்மா. 'சில சூழ்நிலைகளில் மட்டும்'னு கட்டுரையில ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. வேலைக்கு நான் பொறுப்பு."

"எந்தச் சூழ்நிலைன்னு கேட்டா என்ன சார் சொல்லுவேன்?"

"யாரு கேக்கப் போறாங்க?"

"நானே கேட்டுக்குவேனே. குழு கூடற அன்னிக்கு எண்ணிட்டுச் சொல்றேன் சார்."

துணிச்சலாகப் பேசிவிட்டாள், ஆனால் சோறு இறங்கவில்லை. தினமும் காலையில் ஆய்வகம் போய், கிண்ணத்தைத் தொடாமல், பட்டினி கிடக்கும் புழுக்களோடு தானும் பட்டினியாக உட்கார்ந்திருந்தாள். மழுங்கிய முனைகளில் வெளிறிய மொட்டு மாதிரி ஏதோ எழும்பியது. தலையும் முதலில் அப்படித்தான் வரும், வாலும் அப்படித்தான் வரும்.

குழு கூடிய அன்று பெரியவர்தான் முதலில் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

"கண்ணு" என்றார். "இதுக்கும் கண்ணு. இதுக்கும்." ஐந்து வரை வந்தவர் நின்றார். "இந்த ஆறாவது..."

ஆறாவதின் காயம் மூடியிருந்தது. வாலுமில்லை, தலையுமில்லை, வெறும் மழுங்கல்.

"கிழியறப்போ நசுங்கியிருக்கும்மா. இதை எடுத்துடலாம். பன்னிரண்டு உடம்பு, இருபத்துநாலு தலை. கணக்கு கச்சிதமா நிக்கும். நானே எழுதித் தரேன்."

எதிராளியே நீட்டுகிற தள்ளுபடி. அவள் இடத்தில் அண்ணன் இருந்திருந்தால் கும்பிட்டு வாங்கியிருப்பார். அவள் கிண்ணத்தின் மீது மூடியை வைத்தாள்.

"வேண்டாம் சார். பிடிக்காததை எடுத்துட்டு எண்ணினா, நான் இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாம். இதுவும் கிண்ணத்துலயே இருக்கட்டும்."

பெரியவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டு பத்திரிகைக்கு எழுதத் தொடங்கினார்.

துறைத்தலைவரின் அழைப்பு வந்தது. பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம், குழு உட்கார்ந்துகொண்டிருந்தது.

"எல்லாம் சரியா வந்துடுச்சுன்னு சொல்லிடலாமாம்மா?"

"வந்தபடியே சொல்லுங்க சார். வால் ஒண்ணுகூட இல்ல. உடம்பு பதின்மூணு. வரவேண்டிய தலை இருபத்தாறு. வந்தது இருபத்தஞ்சு."

"மீதி?"

"பாக்கி ஒண்ணு. பாக்கின்னே எழுதிக்குங்க."