தொட்டால்தான் கணக்கு

மூன்றாம் பாதைக்கான நடுவர் வரவில்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, தமிழ்வாணி ஐந்தாம் பாதையின் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் நாடாவின் நுனியை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். நாடா பிரிந்திருக்கவில்லை. பிரிந்துவிடுமோ என்று தோன்றியது, அதனால் அழுத்தினாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். வில்லாபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அறிக்கை தட்டச்சு செய்கிற வேலை. தட்டச்சு செய்ததை வாசித்து, வாசித்ததை மறுபடி வாசித்து, கடைசியில் அச்சுக்கு அனுப்பும்போதும் நெஞ்சுக்குள் ஒரு 'ஒருவேளை' மிச்சமிருக்கும்.

போட்டி நடந்தது திருமங்கலம் போகும் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடத்தில். முந்தின நாள் முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழை மரங்கள் வாசலில் இன்னும் தலை சாயாமல் நின்றன. தகரக் கூரைக்கடியில் கறுப்பு ரப்பர் விரிப்புகளைப் போட்டு ஐந்து பாதைகள் பிரித்திருந்தார்கள். எடை ஏற்றிய இரும்புத் தள்ளுவண்டியைக் கோடி வரை தள்ளிப் போய்த் திரும்பத் தள்ளி வரவேண்டும். கைக்கொன்றாகக் கெட்டில்பெல் என்கிற பிடிவைத்த இரும்புக் குண்டைத் தொங்கவிட்டு நடக்கவேண்டும். மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பாதையின் நீளம் முழுக்க 'லஞ்ச்' என்கிற முட்டி மடக்கும் அடி வைத்துப் போகவேண்டும். கடைசியாக, கனத்த பந்தை ஏந்தி உட்கார்ந்து எழுந்து சுவரிலிருக்கும் வட்டப் பலகையில் எறியவேண்டும். இடையில் ஓய்வு எடுத்தால் அது அவரவர் பாடு. கடிகாரம் யாருக்காகவும் நிற்காது.

பார்க்கிறவர்களுக்கு இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு சட்டம் உண்டு. லஞ்ச் என்றால் ஒரு காலை முன்னே வைத்து இறங்கும்போது, பின்னங்காலின் முட்டி தரையைத் தொடவேண்டும். தொட்டு, முழுக்க நிமிர்ந்த பிறகே அடுத்த அடி. தொடாவிட்டால் நடுவர் 'நோ ரெப்' என்று கத்துவார். அந்த அடி கணக்கில் சேராது. பழைய இடத்துக்கே வந்து மறுபடி வைக்கவேண்டும்.

இந்தச் சட்டமெல்லாம் தமிழ்வாணிக்குத் தலைகீழ்ப் பாடம். போட்டியில் இறங்கத்தான் தைரியம் வரவில்லை. "மூட்டையத் தூக்கச் சொன்னா நடுங்குற, சட்டம் மட்டும் வக்கீலு மாதிரி பேசுற. பேசாம நடுவராப் போயிரு" என்று மாலையில் உடற்பயிற்சி வகுப்பு நடத்தும் வீரணன் மாஸ்டர் ஒருநாள் சொன்னார். கேலியாகத்தான் சொன்னார். அவள் அதையும் ஒழுங்காக எடுத்துக்கொண்டு நடுவர் பயிற்சிக்குப் போய் வந்துவிட்டாள்.

தலைமை நடுவர் ராஜகுரு விசிலை விரலில் சுழற்றியபடி அவளிடம் வந்தார். "உங்க அஞ்சாவது பாதையில போட்டி போட இருந்த பொண்ணுக்குக் காய்ச்சலாம், வரல. நீங்க மூணுக்குப் போங்கம்மா."

மூன்றில் நின்றிருந்தவள் பாண்டிமீனா.

அவனியாபுரத்தில் இட்லி மாவு அரைத்து விற்கிற கடை வைத்திருப்பவள். வயது முப்பத்தாறு. மாலை வகுப்பின் வாசல்வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்த தமிழ்வாணியை ஒருநாள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனவள் அவள்தான். இன்றைக்கு வகுப்பே ஒரு வேன் பிடித்து அவளுக்காக வந்திருந்தது. பெண்கள் பிரிவில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் கோயம்புத்தூரில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். தனக்கென்று ஒரு காரியமாக ஊர் தாண்டிப் போவது பாண்டிமீனாவுக்கு இதுவரை வாய்த்ததில்லை. மாவு வாங்க வருகிறவர்களிடமெல்லாம் "அடுத்த மாசம் கோயம்புத்தூர் போறேன்" என்றுதான் சொல்லி வந்தாள். 'போனாலும் போவேன்' என்றுகூட இல்லை.

"சார், இவங்க எங்க வகுப்பு. ஒரே இடத்துல பழகுறவங்களுக்கு நிக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு" என்றாள் தமிழ்வாணி.

"இருக்கு. வேற ஆளு இல்லாதப்ப, கூடப் போட்டி போடுறவங்க சம்மதிச்சா நிக்கலாம்னும் இருக்கு" என்ற ராஜகுரு மற்ற மூன்று பெண்களையும் கேட்டார். இரண்டு பேர் தலையாட்டிவிட்டார்கள். பக்கத்துப் பாதையில் நின்ற காவ்யஸ்ரீ, திருமங்கலத்துக் கல்லூரி மாணவி, பின்னலை இறுக்கியபடி தமிழ்வாணியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நிக்கட்டும் சார். கண்ணத் தொறந்துக்கிட்டு நிக்கச் சொல்லுங்க, போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். பாண்டிமீனா எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தாள். "இவளையா சந்தேகப்படுற? ஓட்டல்ல இட்லியா தோசையான்னு கேட்டா, மாஸ்டர்கிட்ட கேட்டுச் சொல்றேம்பா. நிக்கட்டும், நிக்கட்டும்."

தமிழ்வாணியால் சிரிக்க முடியவில்லை. அவளுக்கு ஒன்று தெரிந்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் மாவு சிந்திய தரையில் வழுக்கி, வலது முட்டி அடிபட விழுந்தவள் பாண்டிமீனா. வகுப்பில் வரிசையாக லஞ்ச் வைத்துப் போகும்போது மாஸ்டர் எதிரே நின்று பார்ப்பார். பாண்டிமீனாவுக்குப் பின்னால் போகிறவள் தமிழ்வாணி. இடது முட்டி ஒவ்வொரு தடவையும் தரையில் பதியும். வலது முட்டி மட்டும் தரைக்கு ஒரு விரல்கடை மேலே வந்து நின்று, அப்படியே எழுந்துவிடும். வலிக்குப் பயந்த உடம்பு தானாகக் கற்றுக்கொண்ட தந்திரம். அக்காவுக்கே தெரியுமோ என்னவோ என்று நினைத்துக்கொள்வாள். நாம் பார்த்ததுதான் சரியா, நின்றுகொண்டு பார்த்தால் அப்படித் தெரியுமோ, என்றும் நினைத்துக்கொள்வாள். அப்படி நினைத்து நினைத்தே மாதங்கள் போயிருந்தன.

விசில் ஒலித்தது.

தள்ளுவண்டியைப் பாண்டிமீனா தள்ளியதைப் பார்த்து மண்டபத்துச் சமையல்காரர்கள்கூடக் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்கள். தோளைக் கொடுத்து, தலையைத் தாழ்த்தி, கிரைண்டரை நகர்த்துகிற பழக்கத்தில் அதை நகர்த்தினாள். கெட்டில்பெல்லோடு நடந்தபோது ஒரு தடவைகூடக் கீழே வைக்கவில்லை. சமயநல்லூரிலிருந்து வந்த பெண் ஒருத்தி எல்லாரையும் விட்டு வெகுதூரம் முன்னால் போயிருந்தாள். அவளை இனி யாரும் பிடிக்கப்போவதில்லை. இரண்டாவது பாண்டிமீனா. அவளுக்கு ஓர் ஆள் தூரம் பின்னால் காவ்யஸ்ரீ.

மணல் மூட்டை தோளுக்கு ஏறியது. முதல் அடி, இடது முட்டி பதிந்தது. அடுத்து வலது. தொட்டதா? தமிழ்வாணி குனிந்தாள். தொட்ட மாதிரியும் இருந்தது, தொடாத மாதிரியும் இருந்தது. மறுபடி இடது, மறுபடி வலது. தொடவில்லை. தொண்டைவரை வந்த சத்தம் அங்கேயே நின்றுகொண்டது. சந்தேகம் என்றால் விளையாடுகிறவருக்குச் சாதகமாக விடவேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் இது சந்தேகமா, பயமா? இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலே இருபத்துமூன்று வருடத்தை ஓட்டிவிட்டதாக அந்த நேரத்தில் அவளுக்குப் பட்டது. பாதையின் ஓரத்தில் அப்படியே குப்புறப் படுத்தாள். கன்னம் ரப்பர் விரிப்பில் ஒட்டியது. மறுபடியும் வலது கால் பின்னே போனது, முட்டி இறங்கியது, இறங்கி நின்றது. முட்டிக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியில், பக்கத்துப் பாதையில் காவ்யஸ்ரீயின் பச்சைக் காலணி முழுசாகத் தெரிந்தது.

"நோ ரெப்!"

அந்தச் சத்தம் தன்னுடையது என்று அவளுக்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது.

"என்னாது?" பாண்டிமீனா திரும்பினாள்.

"வலது முட்டி தொடலக்கா. பின்னாடி வாங்க."

"தொட்டுச்சுடீ!"

"தொடல. பின்னாடி வாங்க."

பாண்டிமீனா பின்னால் வந்து மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே ஒரு விரல்கடை. "நோ ரெப்!" காவ்யஸ்ரீ அவளைக் கடந்து போனாள். கூட்டத்திலிருந்து வகுப்புத் தோழி முத்துமீனாவின் குரல் வந்தது: "ஏ வாணி, எவகிட்ட எம்புட்டுடீ வாங்குன?" வீரணன் மாஸ்டர் தடுப்புக் கயிற்றைப் பிடித்து உலுக்கினார். "அது நம்ம ஆளும்மா!" பாண்டிமீனாவின் கணவர் பேச்சிமுத்து தண்ணீர்க் கேனை அணைத்தபடி கயிற்றோரம் வந்து நின்றார்.

மூட்டைக்கடியிலிருந்து பாண்டிமீனா அவளைப் பார்த்தாள். கையைப் பிடித்து இழுத்துப்போனவளின் பார்வை இல்லை அது. தமிழ்வாணி உள்ளங்கையை விரிப்பில் ஊன்றிக்கொண்டாள். கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

பாண்டிமீனா மூட்டையை ஒரு குலுக்குக் குலுக்கிச் சரிசெய்தாள். காலைப் பின்னே வைத்தாள். டொம் என்று ஒரு சத்தம். முட்டி தரையைத் தொடவில்லை, தரையை அடித்தது. நிமிர்ந்தாள். இடது. மறுபடி வலது, டொம். ஒலிபெருக்கிக்காரர்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு வலது அடிக்கும் அவள் உதடு மடிந்து பல்லுக்கடியில் போனது, முகம் கோணியது, ஆனால் சத்தம் முட்டியிலிருந்து மட்டும்தான் வந்தது. தோல் வழன்று சிவந்தது தெரிந்தது. தமிழ்வாணி பக்கத்திலேயே முழங்கையால் ஊர்ந்து போனாள். 'தொட்டது, தொட்டது' என்று எண்ணிக்கொண்டே போனாள். இந்தக் கூட்டம் மொத்தத்தையும் தரையோடு தரையாகப் படுக்க வைத்து, இங்கிருந்து பாருங்கள் என்று சொல்லவேண்டும் போலிருந்தது. எங்க அக்கா வைக்கிற அடியைப் பாருங்கள்.

பந்து எறிவதில் பாண்டிமீனா வெறிகொண்டு எறிந்தாள். பாதித் தூரத்தைப் பிடித்தும்விட்டாள். ஆனால் காவ்யஸ்ரீயின் கடைசிப் பந்து பலகையில் பட்டபோது இவளுக்கு இன்னும் இரண்டு எறிதல் பாக்கி இருந்தது.

மூன்றாவது இடம்.

கடிகாரம் நின்ற பிறகும் தமிழ்வாணி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. மதிப்பெண் அட்டையில் விளையாடியவர் கையெழுத்துப் போட்டால்தான் முடிவு உறுதியாகும். ராஜகுரு அட்டையோடு வருவதற்குள் வகுப்பு மொத்தமும் மூன்றாம் பாதைக்குள் வந்துவிட்டது. பாண்டிமீனா தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பேச்சிமுத்து அவள் முட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சார், எங்கிட்ட வீடியோ இருக்கு" என்று முத்துமீனா செல்போனை நீட்டினாள்.

"வீடியோ செல்லாதும்மா. நடுவர் பாத்ததுதான். ஆட்சேபணை இருந்தா அவங்க சொல்லட்டும்" என்று பாண்டிமீனாவைக் காட்டினார் ராஜகுரு.

"இவ என்னத்தப் பாத்தா? நேத்துவரைக்கும் எல்லாரும் ஒண்ணாத்தான பண்ணுனோம்? அப்பல்லாம் தெரியலையாக்கும்?" முத்துமீனா விடவில்லை.

"தெரிஞ்சுச்சு" என்றாள் தமிழ்வாணி. "அப்பவும் தெரிஞ்சுச்சு முத்துமீனாக்கா. சொல்லத் தைரியமில்ல." பிறகு ராஜகுருவிடம் திரும்பினாள். "சார், இன்னைக்கும் ஆரம்பத்துல ரெண்டு அடி வலது முட்டி தொடல. நான் கத்தாம விட்டுட்டேன். அதையும் எழுதிக்கங்க."

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "வெந்த புண்ணுல வேலப் பாய்ச்சுறாளே!"

"களத்துல சொல்லாதத இப்ப எழுத முடியாதும்மா" என்றார் ராஜகுரு. அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"மூணு."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். சொன்னது பாண்டிமீனா.

"ரெண்டு இல்ல, மூணு. நீ படுக்குறதுக்குள்ள ஒண்ணு வச்சுட்டேன்ல. எம் முட்டி எனக்குத் தெரியாதா?" கையை நீட்டினாள். "பேனாவக் குடுங்க சார்."

முத்துமீனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பாண்டிமீனா அட்டையைத் தொடையில் வைத்துக் கையெழுத்தைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நீ அந்த வீடியோவ எனக்கு அனுப்பு. இவ கத்துனது அதுல விழுந்துருக்கும்ல? கடைக்கு வாரவங்களுக்குக் காட்டணும். ரெண்டு வருசமா இந்தப் புள்ள வாயிலருந்து காத்துதான் வந்துச்சு. இன்னைக்கு அவனியாபுரம் வரைக்கும் கேட்டுருக்கும்." அட்டையைக் கொடுத்துவிட்டுப் பேச்சிமுத்துவின் தோளைப் பிடித்து எழுந்தாள். வலது காலை ஊன்றியபோது கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். அப்போதுதான் முதல்முறையாகத் தமிழ்வாணியை நேராகப் பார்த்தாள்.

"வேன்ல எம் பக்கத்துல உக்காராத. கோயம்புத்தூரு போச்சேன்னு இன்னைக்குப் பூரா எனக்குக் கோவமா இருக்கும். நாளைக்குச் சாயங்காலம் வா. எனக்குப் பின்னாடியே நில்லு. முட்டி தொடலேன்னா கத்து."

அவர்கள் மெதுவாகப் போனார்கள். மாஸ்டர் ஒரு கையைக் கொடுத்தார். அவள் வேண்டாமென்று தள்ளிவிட்டது தூரத்திலிருந்து தெரிந்தது.

ஒலிபெருக்கி ஆண்கள் பிரிவை அழைத்தது. விளக்குமாறும் ஈரத்துணியுமாக மண்டபத்து அம்மாள் ஒருத்தி பாதைக்கு வந்தாள். "தொடச்சிரட்டுமா தாயி?"

"கொஞ்சம் இருங்கம்மா."

கறுப்பு விரிப்பின் மேல் இரண்டு வரிசையாக முட்டித் தடங்கள் கிடந்தன. இடது பக்கத்து வரிசை தொடக்கக் கோட்டின் மஞ்சள் நாடாவை ஒட்டியே தொடங்கியது; வெறும் வியர்வை, தகரத்து வெக்கையில் ஓரத்திலிருந்து உலர்ந்து ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தது. வலது பக்கத்தில் முதல் மூன்று இடங்களும் வெறுமையாக இருந்தன. அதற்கப்புறம் ஒன்று, அதைத் தாண்டி ஒன்று, போகப்போகச் சிவப்பேறி, சுவர்வரைக்கும், ஒன்றுகூட விடாமல்.