சிவப்பு வண்டிக்குப் புது இன்டர்கூலர்

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியில் மரவள்ளிக் கிழங்கு போட்டு நாலு காசு பார்த்தவர்கள் டிராக்டர் வாங்குவார்கள், போர் போடுவார்கள், மாடி எடுத்துக் கட்டுவார்கள். தனபால் மட்டும் பெங்களூருக்குப் போய் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிக்கொண்டு வந்தான். சிவப்பு நிறம், இரண்டே கதவு, டர்போ எஞ்சின். சமதரையில் விட்டால் சேந்தமங்கலம் வரைக்கும் சீறிக்கொண்டு போகும். மலை ஏறச் சொன்னால்தான் வம்பு. கொல்லிமலை ரோட்டில் பாதி வளைவுகளைத் தாண்டுவதற்குள் முகப்பிலிருந்து ஆவி அடிக்க, நடுரோட்டில் படுத்துக்கொள்ளும்.

அவன் மனைவி வித்யாஸ்ரீக்கு மேலே வாசலூர்பட்டிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. தினமும் பஸ்ஸில்தான் போய்வருவாள். ஆண்டு விழாவன்று, பட்டுப் புடவையோடு பஸ்ஸில் எதற்கு என்று தனபால் பெருமையாகக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். கார் வழக்கம்போலப் படுத்துவிட்டது. டீச்சரம்மா கடைசியில், கறிக்கோழி ஏற்றிப்போன வேன் ஒன்றில் தொற்றிக்கொண்டு விழாவுக்குப் போய் இறங்கினாள். மேடை ஏறும்வரைக்கும் புடவையிலிருந்து இறகு பொறுக்கினாளாம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தனபாலுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஏனுங்க, இந்த வண்டி ஒரே ஒருக்கா நிக்காம மலையேறிக் காட்டட்டும். பொறகு நம்ம ஊட்டுலயே காலத்துக்கும் இருக்கட்டும். வழியில நின்னுதுன்னா, அந்தச் சேலத்துக்காரர் வெலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்கறாரில்ல, அவருக்கு அன்னைக்கே சாவியக் குடுத்துப்போடணும். சம்மதமுங்களா?"

சம்மதம் என்றான். வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் அந்த வண்டி போய்விட்டால் தன்னால் தாங்க முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

டர்போ காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும்போது அந்தக் காற்று சுட்டுப்போகும். அதை ஆற வைத்து அனுப்புவது இன்டர்கூலர். எஞ்சினைச் சுற்றி வரும் தண்ணீரை ஆற வைப்பது ரேடியேட்டர். கம்பெனி போட்டுக் கொடுத்த இரண்டுமே இந்த ஏற்றத்துக்குப் பத்தவில்லை. அதனால் இரண்டுக்கும் சேர்த்துப் பெரிய அளவில் ஒரு கிட் வரவழைத்தான். மாட்டுவதற்கு அர்த்தனாரியைக் கூப்பிட்டான். அர்த்தனாரி மலையடிவாரத்தில் லாரிப் பட்டறை வைத்திருப்பவர்.

"எத்தன லாரிக்குப் பாத்திருக்கறன், இந்தச் சுண்டக்கா வண்டிக்கா தெரியாது?" என்று அலட்டிக்கொண்டே முன் பம்பரைக் கழற்றினார் அர்த்தனாரி. முதலில் இன்டர்கூலரைத் தலைகீழாக மாட்டினார். குழாய் எட்டவில்லை. கழற்றி நேராக மாட்டினால் உள்ளே ஒரு இரும்புப் பட்டை இடித்தது, அதை அறுத்தார்கள். ரப்பர் குழாய்களை மாட்டிக் கிளாம்ப் போட்டு முறுக்கினார்கள். ரேடியேட்டரில் கூலண்ட் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றெல்லாம் குமிழ் குமிழாக வெளியே வரும்வரை எஞ்சினை ஓட விட்டார்கள். எல்லாம் முடிந்து பம்பரை ஏற்றியபோது, முன்வாயில், ரேடியேட்டரை மறைத்துக்கொண்டு, இன்டர்கூலர் வெள்ளித் தட்டு மாதிரி பளபளவென்று தெரிந்தது. தனபால் அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிட்டான்.

அந்தப் பளபளப்புத்தான் அவன் அம்மா நஞ்சம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"இதென்ன கண்ணு, பல்லக் காட்டிக்கிட்டு நிக்குது! ஊரு கண்ணெல்லாம் அதுமேலதான் உளும்," என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிக்குப் பூசை. புதுச் சாமானுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, யார் கண்ணும் படாமல் மஞ்சள் துணி ஒன்றை அதன் குறுக்கே இறுக்கிக் கட்டினாள். அதற்கு மேலே, வாசல் நிலைக்குப் போடுகிற பருமனில் ஒரு செண்டுமல்லி மாலை. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். மாலை போடாமல் இந்தப் பக்கத்தில் எந்த வண்டி கிளம்பியிருக்கிறது? தனபால் கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான்.

"மேல எட்டுக்கையம்மன் கோயல்லதான் மாலையக் கழட்டிச் சாத்தோணும். நடுவுல கீழ கீழ வெச்சுப்போடாத சாமி," என்று நஞ்சம்மாள் சொல்லி அனுப்பினாள்.

பக்கத்தில் வித்யாஸ்ரீ. அவள் வெளியே மலையைப் பார்க்கவில்லை, சூட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வளைவுகளில் முள் நடுவில் நின்றது. தனபால் சீட்டி அடித்தான். அடுத்த சில வளைவுகளில் முள் நகர்ந்தது. சீட்டி நின்றது. பிறகு முள் சிவப்புக் கோட்டுக்கு ஓடியது. அவன் வேறு வழியில்லாமல் வண்டியை ஓரங்கட்டினான். முன்னால் நின்ற இடத்துக்குக் கூட இந்தத் தடவை வந்து சேரவில்லை.

அர்த்தனாரிக்குப் போன் போட்டான். தெர்மோஸ்டாட் என்றார், காற்று அடைத்திருக்கும் என்றார், கடைசியில் அந்தக் கிட் சாமானே டூப்ளிகேட் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"செரி வித்யா. சேலத்துக்காரருக்குப் போனப் போடு," என்றான் தனபால். வளர்ந்த ஆம்பளை, நட்ட நடு ரோட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வித்யாஸ்ரீ போனைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி முன்பக்கம் போனாள். போன் பேசும் சத்தம் வரவில்லை. அதற்குப் பதில் சிரிப்புச் சத்தம் வந்தது.

"இங்க வந்து பாருங்க!"

எஞ்சின் நின்றும் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே இழுக்கிற இழுப்பில் மஞ்சள் துணி இன்டர்கூலரோடு அப்பிக்கொண்டிருந்தது. அதன்மேல் செண்டுமல்லி வேறு அடைத்துக்கொண்டிருந்தது. ஊசி நுழைய இடமில்லை.

"வாயையும் மூக்கையும் பொத்திக் கட்டிப்போட்டு மலையேறச் சொன்னா நீங்க ஏறுவீங்களா? காத்தே போகலீங்க!"

தனபால் தலையில் கைவைத்துக்கொண்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். பிறகு அவளை அண்ணாந்து பார்த்தான். "நீ பேசாம இருந்திருந்தா வண்டி சேலத்துக்குப் போயிருக்குமே. எதுக்குச் சொன்ன?"

"ஏற முடியாம நின்னா வித்துப்போடலாமுங்க. அத்த கட்டுன மாலையால வித்தோம்னா? நீங்க காலத்துக்கும் உங்கம்மாவச் சொல்லிக் காட்டுவீங்க. அந்தச் சண்டையில நான் குடித்தனம் பண்ண முடியுமா?" என்றவள் உடனே டீச்சராகிவிட்டாள். "பையனோட கையக் கட்டிப்போட்டு பரீட்ச எழுதச் சொல்லி, பெயிலுன்னு போட்டா நியாயமா? கீழ போயி மொதல்ல இருந்து எழுதட்டும்."

துணியை அவிழ்த்தார்கள். மாலையைக் கீழே வைக்கக் கூடாது. யாராவது பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

"நான் ஏற்கெனவே கோழி எறகு வாங்குனவ. செண்டுமல்லிக் கறைய நீங்க வாங்கிக்குங்க," என்று மாலையை அவன் கழுத்தில் போட்டுவிட்டு, சாவிக்குக் கையை நீட்டினாள்.

வண்டி ஆறியதும் அடிவாரத்துக்கு இறங்கி, திரும்பவும் முதல் வளைவிலிருந்து ஏறினார்கள். வித்யாஸ்ரீ ஓட்டினாள். இதுவரை அவள் பிறந்த வீட்டில் இருந்த சின்னக் காரைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. முதல் நாலு வளைவு பயந்து பயந்து ஒடித்தாள். அப்புறம் ஒரு நேர்ப்பாட்டையில் கொஞ்சம் அழுத்திப் பார்த்தாள். டர்போ விசில் அடித்துக்கொண்டு வண்டி எகிறியது. "அய்யோ!" என்று கத்தினாள். அடுத்த நேர்ப்பாட்டையில் இன்னும் அழுத்தினாள், இந்தத் தடவை சிரித்தாள். எதிரே வந்த பஸ்ஸிலிருந்து யாரோ, "டீச்சர், மாப்ளயத் தூக்கிட்டா போறீங்க?" என்று கூவினார்கள். தனபால் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு முள்ளையே பார்த்தான். முள் நடுவிலேயே ஆணி அடித்த மாதிரி நின்றது. கடைசி வளைவு தாண்டி, குளிர்காற்று உள்ளே அடித்தபோதும் அது அசையவில்லை.

கோயிலில் அம்மனுக்கு மாலையைச் சாத்திவிட்டு வெளியே வந்ததும், சேலத்துக்காரரே போன் போட்டார். வித்யாஸ்ரீதான் எடுத்தாள்.

"வண்டி விக்கறதுக்கில்லீங்க," என்றாள், ஒரே வார்த்தையாக.

தனபாலுக்கு அந்த இடத்திலேயே குதிக்கலாம்போல இருந்தது. அவள் சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டதைச் சந்தோஷத்தில் அவன் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் நஞ்சம்மாள் சாணி தெளிக்க வாசலுக்கு வந்தாள். வண்டி நின்ற இடம் வெறிச்சென்று இருந்தது.

"ஏஞ்சாமி, வண்டியக் காணோம்? வித்துப்போட்டியா?"

"விக்கலீம்மா. வித்யா பள்ளிக்கொடத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டா. இனி தெனமும் அதுலதானாம்."

"அப்ப உனக்கு?"

"ஞாயித்துக்கெழமையானா குடுக்கறன்னு சொல்லியிருக்கறா," என்றான் தனபால். "கழுவி வெக்கறதுக்கு."