ஷாயிஸ்தாவின் மூளைப் படம்

மருமகளின் கருகமணியைக் கழற்றச் சொன்னபோதே நூர் பீவிக்குக் கொதித்துவிட்டது. புருஷன் உயிரோடு இருக்கும்போது எவளாவது கழற்றுவாளா? தங்கத்தில் கோத்தது, ஸ்கேன் அறைக்குள் ஆகாது என்றாள் டாக்டர் ஹெப்சி. ஷாயிஸ்தா மறுபேச்சில்லாமல் கழற்றி மாமியாரின் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்த வேகம்தான் நூர் பீவிக்குச் சுருக்கென்றது.

பிள்ளை பிறந்ததிலிருந்து ஷாயிஸ்தாவுக்குத் தூக்கமில்லை, பசியில்லை. பிள்ளை வீரிட்டு அழுதாலும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். “வேலைக்கு டிமிக்கி குடுக்கறதுக்கு ஒரு சீக்கு” என்பாள் மாமியார். கணவன் ஃபயாஸ் வாயைத் திறக்கமாட்டான். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வை அக்குபங்சர் ஊசி தீர்க்குமா என்று காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் மூளையைப் படமெடுத்து ஆராய்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அடம்பிடித்து அதில் போய்ச் சேர்ந்தாள் ஷாயிஸ்தா. ஊசி குணமாக்கட்டும், ஆக்காமல் போகட்டும். படம் வருமே! அதில் கருப்பாக ஒரு பொட்டு தெரிந்தால் போதும், இவர்கள் மூஞ்சியில் விட்டெறியலாம்.

படம் வந்தது. ஃபயாஸ் பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி அதை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

“இதுல சீக்கு எங்க கீது மேடம்?”

“ஸ்கேன் நார்மல் சார். ஒருத்தரோட படத்துல டிப்ரஷன் தெரியாது. நெறைய பேரோடத சேத்துப் பாத்தாதான் எங்களாலயே எதாவது சொல்ல முடியும். ஆனா அவங்களுக்கு நோய் இருக்கு.”

ஃபயாஸின் காதில் ‘நார்மல்’ மட்டும்தான் ஏறியது.

“பாத்தியாம்மா? ஒண்ணியும் இல்ல.”

“நான்தான் சொன்னேனே, எல்லாம் நடிப்பு!”

ஷாயிஸ்தா டாக்டர் பக்கம் திரும்பினாள்.

“தெரியாதுன்னு மொதல்லயே சொல்லக்கூடாதா மேடம்?”

“கையெழுத்து வாங்கறப்பவே சொன்னேனே, ஷாயிஸ்தா.”

சொன்னாள்தான். ‘படம்’ என்ற சொல்லுக்கு அப்பால் அன்று இவள் எதையும் காதில் வாங்கவில்லை.

நூர் பீவி கருகமணியை நீட்டினாள். “இந்தா, மாட்டு. நாலு பேரு பாக்கறாங்க. புள்ள வேற பாலுக்கு அழுவுது.”

ஷாயிஸ்தா கை நீட்டவில்லை. துப்பட்டாவைக் கழுத்திலிருந்து ஒதுக்கினாள்.

“இது இல்லாதது மட்டும் கண்ணுக்குத் தெரியுதா மாமி? நல்லாப் பாருங்க.”

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். வராண்டாவில் காத்திருந்த பெண்கள் அவளுடைய வெறுங்கழுத்தையே பார்த்தார்கள். ஃபயாஸ் ஒரு கையில் அழுகிற பிள்ளையோடும் மறு கையில் படத்தோடும் நின்றான். நூர் பீவியின் நீட்டிய கையில் கருகமணி ஆடிக்கொண்டிருந்தது.