டயலில் மூன்று டிக்

அக்காவும் தம்பியும் ஒரே போட்டோ ஸ்டூடியோவில் பதினோரு வருடம் குப்பை கொட்டியாகிவிட்டது. இனி ஒருவர் சொல்படிதான் கடை நடக்கும்; தோற்றவர் அவருக்குக் கீழே வேலை செய்ய வேண்டும். இன்றைய நாடக ஒத்திகையில் யார் எடுத்த படத்தை இயக்குநர் சுவரொட்டிக்கு எடுத்துக்கொள்கிறாரோ, அவர் கையில் கடை. அப்படித்தான் பேச்சு.

"நான் ஜெயிச்சா முதல் வேலையா உன் திருகு டப்பா கேமராவைப் பழைய இரும்புக்குப் போடுவேன்," என்றான் தம்பி.

"போடு. நான் ஜெயிச்சா உன் கண்ணாடிப் பலகையில காய் நறுக்குவேன்."

ஆனாலும் வண்டியிலிருந்து இறங்கும்போது அவளுடைய கேமராப் பையையும் தூக்கக் கையை நீட்டினான்.

"என்னடா, திடீர்னு பாசம் பொங்குது?"

"தூக்க வந்தாலும் குத்தமா? குடுக்கா."

கொடுத்தாள்.

அரங்கில் விளக்கு அணைந்தது. தம்பியின் கேமராவில் திருக ஒன்றுமே கிடையாது. எல்லாம் திரையைத் தொட்டுத்தான். கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு தடவினான். வெளிச்சம் கசிந்தது.

"யாருப்பா அங்க மின்மினிப்பூச்சி? அணைக்கிறியா, வெளிய போறியா?" என்று கத்தினார் இயக்குநர்.

அக்கா இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்குத் திரை வேண்டாம். கேமராவின் தலையில் இருக்கும் வேக டயலின் சொரசொரப்பு விரலுக்குத் தெரிந்தால் போதும். வேலை முடிந்ததும் அதை ஒரு பக்கக் கோடியில் முட்டும் வரை திருகி வைப்பாள். அடுத்த முறை அங்கிருந்து ஐந்து டிக் பின்னால் வந்தால் மேடைக்கான வேகம். அந்த ஐந்து தம்பிக்கும் தெரியும். 'அக்காவோட மந்திரம்' என்று ஊரெல்லாம் கிண்டலடித்தவன்தானே.

எண்ணுவதற்கு முன்னால் கோடியை நோக்கி ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பாள். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பதுபோல. அது அவனுக்குத் தெரியாது.

தள்ளினாள். முட்டவில்லை. டிக். டிக். டிக். அப்புறம்தான் முட்டியது.

அவளுக்குக் காது சுட்டது. நகத்தை வைத்து நெம்பினால்தான் நகரும் டயல் அது. பைக்குள் தானாகத் திரும்பாது. அப்படியே ஐந்து எண்ணியிருந்தால் வேகம் குறைந்து, படத்தில் நடிகர்கள் எல்லாரும் புகையாக இழுபட்டிருப்பார்கள்.

கோடியிலிருந்து ஐந்து எண்ணினாள். கேமராவைத் தூக்கினாள். கதாநாயகி நாற்காலியை எட்டி உதைத்தாள். படத்தில் நாற்காலியும் காலும் அந்தரத்தில் தனித்தனியாக நின்றன.

இயக்குநர் அதைத்தான் எடுத்துக்கொண்டார். தம்பியின் படங்களைப் பார்த்துவிட்டு, "இதுல என் ஆளுங்க எல்லாரும் உன் வெளிச்சத்தையே முறைக்கறாங்கப்பா," என்றார்.

அரங்குக்கு வெளியே நடைக்கு வந்ததும் அக்கா கேட்டாள்.

"மூணோட ஏன் நிறுத்தின? நேரம் பத்தலையா?"

"என்ன மூணு?"

அவள் கேமராவின் டயலை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் இளித்தான்.

"சும்மா வெளையாட்டுக்குக்கா. அதான் கண்டுபிடிச்சிட்டியே. கடை உன்னுது. நீ சொல்றபடி வேலை செய்யறேன், போதுமா?"

"வேணாம்."

"அதானே பேச்சு?"

"தோத்தவனுக்குத்தான் அந்தப் பேச்சு. என் பைக்குள்ள கையை விட்டவனுக்கு இல்ல."

"கூடப் பொறந்தவன்க்கா நான்!"

"அதனாலதான்டா பையைக் குடுத்தேன்."

அவன் குரல் இறங்கியது. "அப்ப நாளைக்கு நான் எங்க போறது?"

"எங்கயாவது போ. சாமானை எடுக்க வர்றதுன்னா நான் கடையில இருக்கும்போது வா. உன்னைத் தனியா உள்ள விடறதா இல்ல."