பெடலுக்கு அடியில் ஒரு வயர்

1

இந்தக் கதை எனக்கு 2006-இல், பெருங்களத்தூரில், பேருந்து ஜன்னல் வழியாகக் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பழைய ஜெர்மன் கார் லாரியை முந்தப் பார்த்து, முடியாமல் பின்தங்கியது. ஓட்டியவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். முஷ்டியை மடக்கித் தன் வலது தொடையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். பக்கத்தில் இருந்த அம்மாள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் நான் பார்த்தது, மீதி எல்லாம் என் கைச்சரக்கு.

வண்டி போகவில்லையென்றால் ஸ்டீயரிங்கை அல்லவா குத்த வேண்டும்? தொடை என்ன பாவம் செய்தது? இதை யோசித்து யோசித்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் வரைவு இப்படி ஆரம்பித்தது: ‘பத்ரிநாராயணன் கிளட்சை மிதித்து’

ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்ச் பெடலே கிடையாது என்று நண்பர் சிரித்தார். மானம் போயிற்று. அப்புறம் உட்கார்ந்து படித்தேன். (படித்ததையெல்லாம் இங்கே கொட்ட ஆசைதான். பயப்படாதீர்கள், ஒன்றே ஒன்று.) ஆக்சிலரேட்டரைத் தரைவரை அழுத்தினால் இந்த மாதிரி வண்டி தானாகவே ஒரு கியர் இறங்கும். இறங்கினால் இழுவை கூடி, லாரியைச் சட்டென்று தாண்டலாம். கிக்-டவுன் என்பார்கள். பெடலுக்கு அடியில் சின்ன சுவிட்ச், அதிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு வயர். வயரைக் கழற்றிவிட்டாலும் வண்டி மற்றபடி நன்றாகவே ஓடும், அவசரத்துக்குப் பாயாது.

2 (மறுபடியும்)

பத்ரிநாராயணன் சிட்லபாக்கத்துக்காரர், ஓய்வுபெற்ற எஞ்சினியர். கார், ஏதோ ஒரு தூதரகத்து ஏலத்தில் எடுத்தது. போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பிசியோதெரபி, நடை என்று பாடுபட்டுத் தேறி, டாக்டர் சரி என்ற பிறகு மறுபடி வண்டியை எடுத்தார். எடுத்த வாரமே இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் புகுந்து முந்தினார். பக்கத்தில் மனைவி அபிதகுஜாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

இந்த அம்மாளை முதலில் வில்லியாக எழுதினேன், பிறகு கண்ணீர் விடும் தெய்வமாக. இரண்டும் புளுகு. அவர் மதியம் தூங்கும் நேரத்தில் அவள் ஆட்டோ பிடித்துத் தாம்பரம் போனாள். வழக்கமாக அந்த வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் லாசரஸிடம் கேட்டாள்.

“சாவியப் பிடுங்கினா ஒடஞ்சு போயிடுவார், லாசரஸ். வண்டி ஓடட்டும். வேகம் மட்டும் வேண்டாம்.”

“ஒரு வயரு கீதும்மா. அத கயட்டினா பாயாது. வேற ஒண்ணியும் ஆவாது.”

அடுத்த சர்வீஸில் லாசரஸ் வயரைக் கழற்றி, முனையில் கறுப்பு டேப் சுற்றி, டாஷ்போர்டுக்கு அடியில் செருகிவைத்தான். நல்லது செய்தோம் என்றே இருவரும் நினைத்தார்கள்.

4

(மூன்றை அடித்துவிட்டேன். அதில் ஒரு ஆஸ்பத்திரிக் காட்சி இருந்தது. படித்தபோது எனக்கே அழுகை வந்தது, அதனாலேயே சந்தேகப்பட்டேன்.)

அவர்கள் யோசிக்காமல் விட்டது ஒன்று உண்டு. லாரியை முந்த முடியாமல் போனபோது பத்ரிநாராயணன் வண்டியைச் சந்தேகப்படவே இல்லை, தன் காலைச் சந்தேகப்பட்டார். அழுத்துகிறோம் என்று நினைக்கிறோம், கால் முழுக்கப் போகவில்லை, மறுபடி இழுத்துக்கொள்ளப்போகிறது. இதுதான் அவர் கண்ட நோய். கட்டிலில் உட்கார்ந்து காலால் சுவரைத் தள்ளிப் பார்த்தார். பிசியோதெரபியை நிறுத்தினார். பிறகு நடையை. ஒருநாள் சாப்பிடும்போது, இனிமேல் எனக்கு என்ன இருக்கிறது என்று மனைவியிடம் சாதாரணமாகச் சொன்னார். அவளுக்கு எல்லாம் புரிந்தது, அவர் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் போட்டாள்.

5

முடிவுகளுக்கு வருகிறேன்.

லாசரஸ் சத்தமில்லாமல் வயரை மாட்டிவிடலாம். எழுதிப் பார்த்தேன். பத்ரிநாராயணன் முகத்தில் பழைய களை. இரும்புலியூர் தாண்டி, எதிரே தண்ணீர் லாரி, அவர் காலை அழுத்த, வண்டி பாய்ந்து

(அதை முடிக்க எனக்குக் கை வரவில்லை.)

ஏதோ பார்ட் போய்விட்டது, ஜெர்மனியிலிருந்து வரவேண்டும் என்று அளக்கலாம். நீங்களும் இதைத்தான் நினைத்திருப்பீர்கள். ஆனால் மனிதர் எஞ்சினியர், எந்த பார்ட், காட்டு என்பார். காட்டினால் டேப் தெரியும். எலி கடித்தது என்றும் சொல்ல முடியாது, எலி டேப் சுற்றாது. யார் சொல்லிச் சுற்றினாய் என்று அடுத்த கேள்வி வரும். கூடவே வாழ்ந்தவள்தான் தன்னைத் தன் காலையே நம்பாதபடி செய்தாள் என்று தெரிந்த பிறகு, அந்த வீட்டில் இரண்டு பேரும் எப்படி எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள்?

6

ஆகவே கடைசிக் காட்சி. லாசரஸின் ஷெட்டுக்கு அவரே வந்திருக்கிறார். வண்டியில் ஒன்றுமில்லை என்றால் விற்றுவிடு, என் கதை முடிந்தது என்று சொல்லிவிட்டார். லாசரஸ் தெரியாத மாதிரியே தேடினான். கியர் ஆயிலின் அளவைப் பார்த்தான், மோந்து பார்த்தான், ஓட்டிப் பார்த்தான். இப்போது டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்திருக்கிறான். டேப் சுற்றிய முனை அவன் மூக்குக்கு நேரே தொங்குகிறது. பின்சீட்டில் அபிதகுஜாம்பாள்.

ஓட்டுநர் சீட்டில் பத்ரிநாராயணன் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் பெடலை அழுத்துகிறார்.

“முழுசா அமுக்கறேன், லாசரஸ். தரையத் தொடறதா பாரு. மறைக்காம சொல்லு. வண்டியா, என் காலா?”

பெடல் தரையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. லாசரஸுக்குத் தெரிகிறது. பின்னால் அவள் மூச்சுவிடும் சத்தம் நின்றுவிட்டது.

நான் இங்கே விலகிக்கொள்கிறேன். கோழை என்று வைத்துக்கொள்ளுங்கள். லாசரஸ் என்ன சொல்ல வேண்டும் என்பதை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவர் இன்னும் காலை எடுக்கவில்லை, அது நடுங்க ஆரம்பித்துவிட்டது.